சுண்ணாம்புத் தொட்டியில் மிஞ்சுவது: ஒற்றைச் செல்லிலிருந்து விலங்கு உடல் வந்த வழி

ராணிப்பேட்டையிலோ வாணியம்பாடியிலோ தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. உப்பிட்டு வந்த ஆட்டுத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த தொட்டியில் போடுவார்கள். முடி கழன்றுவிடும். மேல்தோல் கரைந்துவிடும். உட்புறம் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சுரண்டி எறிந்த பிறகு மிஞ்சுவது வெளுத்து வழவழவென்று இருக்கும் ஒரு விரிப்பு. அதில் உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் கழுத்து எது, தொடை எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். செல்கள் போய்விட்டன, ஆட்டின் வடிவம் போகவில்லை.

அந்த வடிவத்தைப் பிடித்துவைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய புரி போன்றது. முறுக்கு இறுகி நிற்க, ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஒன்று வீதம் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வந்தாக வேண்டும். பெரியது வந்தால் புரி பிதுங்கிவிடும். பச்சைத் தோலை 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் போட்டால் புரி அவிழ்ந்து தோல் சுருங்கும். குரோமியம் ஏற்றிய தோல் கொதிநீரையே தாங்கும். பதனிட்டது போதுமா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பது இதனால்தான். ஆட்டுக்கால் பாயா ஆறியதும் பாத்திரத்தில் கட்டியாக உறைவதும் அவிழ்ந்த கொலாஜனே.

கொலாஜன் செல்லுக்குள் இருக்கும் பொருளல்ல. செல்கள் செய்து வெளியே விட்டு, தங்களுக்கு இடையில் கட்டிவைக்கும் கயிறு. செல்கள் தனித்தனியாகத் திரிந்த காலத்திலிருந்து ஆடு, நண்டு, மனிதன் வரை வந்த கதையைப் புரிந்துகொள்ள இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவது நல்லது. ஏனென்றால் செல்கள் ஒன்றுகூடுவது பெரிய விஷயமே இல்லை. கூடியவை கலையாமல் இருப்பதுதான் பெரிய விஷயம்.

பள்ளியில் அமீபா, அடுத்து கடற்பஞ்சு, அடுத்து ஹைட்ரா என்று படிப்படியாக ஏற்றிச் சொல்லித்தருவார்கள். அந்த ஏணியைக் கழற்றி வைத்துவிடலாம். அமீபா நம் வழியில் வந்ததே அல்ல, வேறொரு கிளை. பலசெல் உடலும் ஒரே ஒரு முறை தோன்றியதல்ல. ஆம்பூர் பிரியாணித் தட்டைப் பாருங்கள்: கறித்துண்டு, பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கு. ஆடும் கத்தரியும் கடைசியாகப் பகிர்ந்துகொண்ட மூதாதை ஒருசெல் உயிரி. அதற்குப் பிறகு இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு முறையில் உடல் கட்டின. கத்தரியின் செல்கள் செல்லுலோஸ் சுவருக்குள் செங்கல் போல அடுக்கப்பட்டவை, இடம்விட்டு நகர முடியாது. ஆட்டின் செல்களுக்குச் சுவர் இல்லை. நகரும், மடியும், கயிறு பிடித்து ஊரும். ஆகவே கத்தரிக்காயை எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் பாயா போல உறையாது. தட்டில் ஓரமாகக் காளான் இருந்தால் அது கத்தரியைவிட ஆட்டுக்கு நெருங்கிய சொந்தம் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். உயிர்களின் வரலாறு முழுக்கத் தேடினால் செல்கள் கூடி வாழும் வழி குறைந்தது 25 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அதில் பெரிய, சிக்கலான உடல்வரை போனவை ஐந்தாறு வம்சங்கள்தான்.

ஒன்றுகூடுவது எவ்வளவு எளிது என்பதை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராட்கிளிஃபும் அவருடைய குழுவினரும் 2012இல் காட்டினார்கள். ரொட்டிக்குப் போடும் அதே ஈஸ்ட். 10 மில்லி ஊட்டநீரில் 30 டிகிரியில், குலுக்கும் எந்திரத்தில் ஒரு நாள் வளரவிடுவார்கள். பிறகு குழாயை 45 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். அடியில் படிந்ததில் 0.1 மில்லி மட்டும் எடுத்துப் புதிய ஊட்டநீருக்கு மாற்றுவார்கள். மறுநாள் அதே வேலை. கனமானது சீக்கிரம் படியும் என்பதால், சேர்ந்திருப்பவற்றுக்கு மட்டும் அடுத்த நாள் வாழ்வு. 60 நாளில் வைத்திருந்த 10 குழாய்களிலும் பனித்துகள் போலக் கிளைத்த கொத்துகள் வந்துவிட்டன. பின்னர் தேடியபோது ஏஸ்2 என்ற ஒற்றை மரபணு கெட்டிருந்தது தெரிந்தது. தாய் செல்லும் மகள் செல்லும் பிரியும்போது நடுவில் உள்ள இணைப்பை வெட்டிவிடும் வேலையை மேற்பார்ப்பது அந்த மரபணு. அது கெட்டால் வெட்டு விழாது, பிள்ளைகள் வீட்டோடு தங்கிவிடும்.

ஊட்டநீரும் குலுக்கு எந்திரமும் உள்ள எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும், வேலூரிலோ ஆற்காட்டிலோ, இதைச் செய்யலாம். கெடுவது மூன்று இடங்களில். படியவிடும் நேரம் நீண்டால் ஒற்றைச் செல்களும் அடிக்கு வந்துவிடும், தேர்வே நடக்காது. குழாயை எடுக்கும்போது ஆட்டிவிட்டால் அன்றைய வேலை வீண். மூன்றாவதுதான் பெரும்பாலும் கவனத்துக்கு வராது: சில ஈஸ்ட் வகைகள் பசை சுரந்து, யாரோடு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். அதுவும் கொத்துதான், ஆனால் குடும்பம் அல்ல, சந்தைக் கூட்டம். கால்சியத்தைப் பறிக்கும் ஈ.டி.டி.ஏ. உப்பைச் சிறிது விட்டால் சந்தைக் கூட்டம் கலைந்துவிடும், பனித்துகள் கொத்து கலையாது.

குடும்பம், சந்தைக் கூட்டம் என்ற இந்த வேறுபாட்டில்தான் பாதிக் கதை இருக்கிறது. மண்ணில் வாழும் டிக்டியோஸ்டீலியம் என்ற சளிப்பூஞ்சை சந்தைக் கூட்ட வகை. உணவு உள்ளவரை செல்கள் தனித்தனி. பட்டினி வந்ததும் ஆயிரக்கணக்கில் ஓடிவந்து சேர்ந்து ஒரு சிறு கொடிமரம் போல நிற்கும். உச்சியில் இருப்பவை வித்துகளாகிப் பிழைக்கும். தண்டாக நிற்கும் சுமார் 20 விழுக்காடு செல்கள் சாகும். வந்தவர்கள் அந்நியர்களாக இருந்தால், தண்டில் நிற்காமல் உச்சிக்கே ஏறும் ஏமாற்றுக்காரச் செல்கள் பெருகும். அடுத்த தலைமுறையில் தண்டுக்கு ஆள் குறையும். ஒரே செல் பிரிந்து பிரிந்து உண்டான கூட்டத்தில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே எல்லோருக்கும் ஒரே மரபணு. தண்டில் சாகும் செல்லின் அதே மரபணுதான் உச்சியிலும் பிழைக்கிறது. யானையாக இருந்தாலும் கொசுவாக இருந்தாலும் கருவுற்ற ஒற்றை முட்டைச் செல் என்ற ஊசித்துளை வழியாகத்தான் உருவாகிறது. அந்த ஊசித்துளைதான் கணக்கைப் புதிதாகத் தொடங்கும் இடம்.

விலங்குகளுக்கு இன்று உயிரோடு உள்ள மிக நெருங்கிய ஒருசெல் உறவு கோயனோஃபிளாஜெல்லேட் என்ற கூட்டம். காலர் உயிரி என்று வைத்துக்கொள்வோம். உடல் சுமார் 5 மைக்ரான்; 200 உயிரிகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர். ஒரு நீண்ட கசையிழை, அதன் அடியைச் சுற்றி நுண்விரல்களால் ஆன சட்டைக் காலர். கசை அடிக்கும்போது தண்ணீர் காலரை நோக்கி இழுபடும், பாக்டீரியா காலரின் வெளிப்புறத்தில் சிக்கும், செல் அதை விழுங்கும். 1866இல் ஹென்றி ஜேம்ஸ்-கிளார்க் கடற்பஞ்சின் உள்ளறைகளைப் பார்த்தபோது அங்கே தண்ணீர் இறைக்கும் கொயனோசைட் செல்களும் அச்சு அசல் இதே வடிவில் இருந்தன. உறவு பற்றிய சந்தேகம் அன்று தொடங்கியது. மரபணு வரிசைகள் வந்த பிறகு உறுதியானது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: காலர் உயிரி நம் பாட்டன் அல்ல, பங்காளி. இருவருக்கும் பாட்டன் ஒருவர், அவர் இப்போது இல்லை. பங்காளி வீட்டில் இருப்பதும் நம் வீட்டில் இருப்பதும் ஒன்றாக இருந்தால், அது பாட்டன் சொத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆராய்ச்சி முழுக்க இந்தப் பங்குக் கணக்குதான்.

2008இல் நிக்கோல் கிங் குழுவினர் மோனோசைகா பிரெவிகோலிஸ் என்ற காலர் உயிரியின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தார்கள். சுமார் 9,200 மரபணுக்கள். தனியாகவே வாழும் உயிரி அது. அதற்குள் கேடரின் குடும்பத்தைச் சேர்ந்த 23 மரபணுக்கள் இருந்தன. நம் உடலில் பக்கத்துப் பக்கத்துச் செல்களைக் கொக்கி போட்டு இணைப்பது கேடரின்தான். கூட யாரும் இல்லாத உயிரிக்குக் கொக்கி எதற்கு? பாக்டீரியாவைப் பிடிக்கவும் தரையில் ஒட்டவும் பயன்பட்டிருக்கலாம் என்பது நியாயமான ஊகம். சில கேடரின்கள் காலரில்தான் இருக்கின்றன. நம் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் டைரோசின் கைனேஸ் என்ற நொதிகளும் நூற்றுக்கு மேல் அதில் இருந்தன. 2010இல் இன்னொரு பாகமும் வெளியே கிடைத்தது. செல்லைக் கொலாஜன் கயிற்றோடு கட்டும் இன்டெக்ரின், நத்தையின் இரத்தத்தில் வாழும் கேப்சாஸ்போரா என்ற ஒருசெல் உயிரியிடம் இருந்தது. அது காலர் உயிரியைவிடச் சற்றுத் தூரத்துச் சொந்தம். அப்படியானால் இன்டெக்ரின் பாட்டனுக்கும் முந்தைய சொத்து. விலங்கு உடலுக்கான பாகங்களில் பெரும்பகுதி விலங்கு தோன்றும் முன்பே வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டம் சேரத் தூண்டியது எது என்பதற்கும் ஒரு நல்ல தடயம் உண்டு. சால்பிங்கோயிகா ரொசெட்டா என்ற காலர் உயிரி சிலசமயம் ரோஜாப்பூ போல வட்டக் கொத்தாக வளரும். ஆய்வகத்தில் ஆன்டிபயாடிக் போட்டு மற்ற பாக்டீரியாவைக் குறைத்தபோது பூ வருவது நின்றுபோனது. பாக்டீரியாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்துப் பார்த்ததில் அல்கோரிஃபேகஸ் என்ற ஒன்று வந்ததும் பூ மறுபடி பூத்தது. அந்த பாக்டீரியா விடும் ஒரு கொழுப்புப் பொருள்தான் சைகை என்று 2012இல் எழுதினார்கள். இங்கேயும் செல்கள் ஓடிவந்து சேரவில்லை. பிரியும் செல்கள் முழுதாக அறுபடாமல், மெல்லிய பாலங்களால் இணைந்தே நின்றன. குடும்ப வகை.

இத்தனையும் பழைய சொத்து என்றால் புதிதாக வந்தது என்ன? முதலாவது, வேலைப் பங்கீடு. அதற்குப் பின்னால் ஓர் இயந்திரச் சிக்கல் இருக்கிறது. கசையிழையின் அடியில் நங்கூரமாக நிற்கும் சென்ட்ரியோல், செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோலின் முனைக்குப் போயாக வேண்டும். ஒரு கருவி, இரண்டு வேலை. ஆகவே விலங்குச் செல் ஒரே நேரத்தில் நீந்தவும் பிரியவும் முடியாது. தனிச் செல்லுக்கு வழி எளிது: கசையை உள்ளிழுத்துவிட்டுப் பிரி, பிறகு மறுபடி முளைக்கவிடு. கொத்தாக இருந்தால் இன்னொரு வழி திறக்கிறது: சிலர் நீந்தட்டும், சிலர் உள்ளே போய்ப் பிரியட்டும். தனிச் செல் காலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை என்று நேரத்தால் பிரித்துக்கொண்டதை, உடல் இடத்தால் பிரித்துக்கொண்டது. இதற்குத் தேவை புதிய கருவிகள் அல்ல. எந்த மரபணு எங்கே விழிக்க வேண்டும், எங்கே தூங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு. விலங்குகளில் பெருகியது இந்தக் கட்டுப்பாட்டுப் பகுதிதான்.

இரண்டாவது, அந்தக் கயிறு. கொலாஜன் புரி உறுதியாக நிற்க, அதிலுள்ள புரோலின் மீது ஆக்சிஜன் சேர்த்து ஹைட்ராக்சிபுரோலின் ஆக்க வேண்டும். இதற்கு வைட்டமின் சி வேண்டும்; அது இல்லாதவர்களுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி வருவது கயிறு நைந்துபோவதால். கூடவே ஆக்சிஜன் வாயுவும் வேண்டும். பழைய கடலில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால் கயிறு நூற்க முடியவில்லை, பெரிய விலங்கு வரவில்லை என்று கென்னத் டோ 1970இல் வாதிட்டார். அழகான வாதம், ஆனால் முழுப் பதில் அல்ல. இன்றைய அளவில் ஒரு சில விழுக்காடு ஆக்சிஜனிலேயே கடற்பஞ்சு பிழைக்கிறது என்று 2014இல் சோதித்துக் காட்டிவிட்டார்கள். ஈஸ்ட் குழுவினரின் 2023 முடிவு இன்னும் குழப்புகிறது. 600 சுற்று மாற்றிய பிறகு, ஆக்சிஜனைப் பயன்படுத்தாத ஈஸ்ட் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு, சுமார் 20,000 மடங்கு பெருத்தது. ஆக்சிஜனைச் சார்ந்து வளர்ந்தவை சிறியதாகவே நின்றுவிட்டன. கொத்து பெருத்தால் நடுவில் உள்ளவற்றுக்கு ஆக்சிஜன் எட்டாது, ஆகவே பெருக்காமல் இருப்பதே லாபம். கொஞ்சம் ஆக்சிஜன் ஊக்கமல்ல, தடை. விலங்குகள் இதிலிருந்து தப்பியது தட்டையாக, உள்ளே குடைவாக, தண்ணீர் ஓடும் வாய்க்கால்களோடு உடல் கட்டியதால்.

காலம்? மரபணு மாற்றங்களை எண்ணிப் பார்க்கும் கணிப்புகள் விலங்குகளின் தொடக்கத்தை 80 முதல் 65 கோடி ஆண்டுகளுக்கு முன் வைக்கின்றன. கண்ணால் பார்க்கும் புதைபடிவங்கள் சுமார் 57.5 கோடி ஆண்டிலிருந்துதான் கிடைக்கின்றன. ரஷ்யாவின் வெள்ளைக் கடல் ஓரத்தில் கிடைத்த டிக்கின்சோனியா என்ற தட்டையான உடலுக்கு 55.8 கோடி வயது. அதில் கொழுப்பின் எச்சமாகக் கொலஸ்டிரால் மூலக்கூறு இருந்ததை 2018இல் கண்டபோது, அது விலங்கா இல்லையா என்ற பழைய சண்டை ஏறத்தாழ முடிந்தது. வட ஆற்காட்டில் இதைத் தேடிப் பயனில்லை. வேலூர் கோட்டையைச் சுற்றி நிற்கும் மலைகளின் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை. முதல் விலங்கு தோன்றியபோதே அதற்கு 170 கோடி வயது தாண்டியிருந்தது. அது பூமிக்கடியில் வெந்து உருமாறிய பாறையும்கூட. அதில் படிவம் எதுவும் தங்காது. அரியலூர்ப் படிவங்களைக் காட்டி இதை விளக்குகிறவர்கள் உண்டு. அவை டைனோசர் காலத்தவை, இந்தக் கதைக்கு 45 கோடி ஆண்டுக்கு மேல் தாமதம்.

கட்டு அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கப் படிவம் தேவையில்லை. புற்றுநோய் என்பது உடலின் ஒரு செல், பிரிவதை நிறுத்து என்ற சேதியைக் கேட்காமல் பழைய தனிவாழ்வுக்குத் திரும்புவது. பெரும்பாலும் அந்த உடலோடு அதுவும் முடிந்துவிடும். தெருநாய்களின் பிறப்புறுப்பில் வரும் ஒரு கட்டி மட்டும் அப்படி முடியவில்லை. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் செல்கள், இணைசேரும்போது நாய்க்கு நாய் தாவி இன்றும் உயிரோடு இருக்கின்றன. நாயின் உடலில் பிறந்து, நாயை நம்பி வாழும் ஒட்டுண்ணி. கால்நடை மருத்துவர்கள் இதற்குப் போடும் வின்கிறிஸ்டின் ஊசி, நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. கதிர்கோலைக் கட்டவிடாமல் செய்து, செல் பிரிவதைத் தடுக்கும்.

தீராத வழக்குகள் இரண்டு. ஒன்று, விலங்கு மரத்தில் முதலில் பிரிந்த கிளை எது. வெகுகாலம் கடற்பஞ்சு என்றே இருந்தது. குரோமோசோம்களில் மரபணுக்கள் எவற்றோடு எவை சேர்ந்திருக்கின்றன என்று ஒப்பிட்ட 2023 ஆய்வு, கண்ணாடி போல ஒளிரும் சீப்பு ஜெல்லிகள்தான் முதலில் பிரிந்தவை என்கிறது. இரண்டாவது, முதல் விலங்கு காலர் செல்களின் கூட்டமா என்பது. உருவ ஒற்றுமையை வைத்து அப்படித்தான் எழுதிவந்தார்கள். 2019இல் ஆஸ்திரேலியக் கடற்பஞ்சு ஒன்றின் செல்களில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்தபோது, கொயனோசைட்டுக்கும் காலர் உயிரிக்கும் எதிர்பார்த்த நெருக்கம் இல்லை. மாறாக, உடலுக்குள் ஊர்ந்து திரிந்து எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஆர்கியோசைட் செல்தான் தொடக்க நிலைக்கு நெருக்கமானது என்று அந்தக் குழு வாதிட்டது. ஒரே வகைச் செல்லின் கூட்டம் என்பதைவிட, பல வேடம் போடத் தெரிந்த செல்களின் கூட்டம் என்பது நமக்கும் பொருத்தமாகவே படுகிறது.

இவற்றில் சிலவற்றை நம் ஏரித் தண்ணீரிலேயே பார்க்கலாம். தோல் கழிவு கலக்கும் பாலாற்றுப் பக்கம் வேண்டாம். மழைக்குப் பின் நிரம்பிய சதுப்பேரி, காவேரிப்பாக்கம் போன்ற ஏரியில் பாசி ஓரத்து நீர் 200 மில்லி எடுங்கள். வாய் அகன்ற பாட்டிலில் ஊற்றி, வெந்த அரிசி இரண்டே இரண்டு போட்டு, தளர்ந்த மூடியோடு நிழலில் வையுங்கள். அரிசி அதிகமானால் அழுகி நாறும். பாரமீசியம் என்ற, நீந்தும் பெரிய ஒருசெல் உயிரிகள் பெருகி மற்றதைத் தின்றுவிடும். நீர்ப்பரப்பில் கவர்கிளாஸ் ஒன்றை மிதக்கவிட்டு மூன்று நாள் கழித்து எடுத்தால், அதன் அடிப்பக்கத்தில் காலர் உயிரிகள் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. 400 மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். முழு வெளிச்சத்தில் காலர் தெரியவே தெரியாது. நுண்ணோக்கியில் ஒளி வரும் துளையான டயஃப்ரத்தைக் குறுக்கினால் உடலுக்கு மேலே V வடிவ நிழலாகத் தெரியும். இரண்டு கசை இருந்தால் அது வேறு உயிரி. அரை மில்லிமீட்டர் பச்சை உருண்டைகள் சுழன்று வந்தால் அது வால்வாக்ஸ்: செடி வம்சத்தில் தனியாக நடந்த அதே முயற்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. ஐயங்கார் 1930களில் தென்னிந்தியக் குளங்களிலிருந்து இந்தக் குடும்பத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீருக்கு மாற்றினால் செத்துவிடும்.

கோடையில் ஏரி வற்றும்போது மதகுக் கல்லையும் முழுகிக் கிடந்த குச்சிகளையும் பாருங்கள். காய்ந்த பொருக்கு ஒட்டியிருந்து, அதில் கடுகைவிடச் சிறிய பழுப்பு மணிகள் இருந்தால் அது கடற்பஞ்சின் ஏரி உறவான நன்னீர்ப் பஞ்சின் விதைமணி. உள்ளே இருப்பவை ஆர்கியோசைட் செல்கள் மட்டும். நான்கைந்து மணிகளைக் கழுவி, வடிகட்டிய ஏரி நீரில் ஒரு கண்ணாடித் தட்டில் போட்டு, நாளுக்கொரு முறை நீர் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். முளைப்பவை சில நாளில் கண்ணாடியில் வெள்ளைத் திட்டாகப் பரவும். ஓரத்தில் ஊர்ந்து வரும் செல்களில் அப்போது காலர் இருக்காது. அடுத்த சில நாளில் உள்ளே வட்ட வட்டமான அறைகள் தெரியத் தொடங்கும்போது, பக்கத்து நீரில் இந்தியன் இங்க் ஒரு சொட்டு விடுங்கள். கரும்புள்ளிகள் உள்ளே இழுபட்டு அறைகளில் தேங்குவதும், திட்டின் நடுவில் எழும் ஒற்றைக் குழாய் வழியாகத் தெளிந்த நீர் வெளியேறுவதும் தெரியும்.